கம்பிக்கு இடையில் இறங்குகிற சாறு

ஏப்ரல் 30, 2025

தங்கச்சி பாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. உடைந்த தாடை எலும்பு ஒட்ட, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், வாயைத் திறக்க முடியாது. கட்டிங் பிளேயர் தலைமாட்டில் இருக்கிறது. வாந்தி வந்தால் எந்தக் கம்பியை முதலில் வெட்டணும் என்று நர்ஸ் தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். கண்ணை மூடினால் அந்த விரல்தான் வருகிறது.

மே 1

சிரிஞ்சு முனையில் ரப்பர் குழாய் மாட்டி, கன்னத்து ஓரமாக விட்டு, வடிகட்டின சாறை மெதுவாக அழுத்தணும். சூடு ஆகாது. ஒரு டம்ளர் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகிறது. முடிந்ததும் உப்புத் தண்ணீரில் வாயை அலசி, மறுபடி அடுத்த டம்ளர்.

பாப்பா கறியும் தின்ன மாட்டாள், பால், மோர், நெய்யும் தொட மாட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாவு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, நோட்டில் "வேணாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் டப்பாவை எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

மே 2

விடியக்காலையில் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை, 1999-ல் ஆரம்பித்தது. இன்னும் அங்கேதான் கீரை கீரையாக இருக்கிறது.

அம்மாவுக்காகச் சாறு செய்முறையை எழுதி வைக்கிறேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு இரண்டும் நல்லாச் சிவக்கணும், அவசரப்படக் கூடாது. ருசி அங்கேதான் பிறக்கிறது. பிறகு நாட்டுத் தக்காளி, கரைந்து எண்ணெய் பிரிகிற வரை. சிப்பிக்காளான், பரங்கிக்காய், கேரட் போட்டு தண்ணீர் தாராளமாக ஊற்றி, சிறு தீயில் விடணும். மிளகும் சீரகமும் தட்டித் துணியில் முடிந்து போடணும். ஒரு மிளகுத் தோல் கம்பியில் மாட்டினால் அவளுக்கு ராத்திரி பூரா வேதனை. முருங்கைக்கீரை கடைசியில்தான், மூடி போடாமல். ரொம்ப நேரம் கிடந்தால் கசந்துவிடும். இறக்கின பிறகு எலுமிச்சை, புண் எரியாத அளவுக்குச் சில சொட்டு. கொதிக்கையில் பிழிந்தால் வைட்டமின் சி வீண். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அதுதான் உதவி.

மே 3

எடை இறங்கியிருக்கிறது.

மே 4

மறுபடி எடை. டயட்டீசியனுக்கு போன் போட்டேன். "தெளிவா வடிச்ச சாறு ருசிக்கும் தெம்புக்கும் சரிம்மா. புரதம் சக்கையிலதான் நிக்கும்" என்றார். துவரம்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், கொள்ளிலும் அதே அளவு. அதெல்லாம் வெறும் பருப்புத் தண்ணீரில் இறங்கி வராது. குழைய வேகவைத்து, மைய அரைத்து, சாறில் கரைத்து, மல்லுத்துணியில் பிழியணும். கொள்ளுத் தோல்தான் தொல்லை, துணியை அடைத்துக்கொள்கிறது. பாசிப்பருப்பு சமர்த்து. நிலக்கடலையை ஊறவைத்துத் தோலை உரித்து அரைத்துப் பால் எடுத்தேன். தேங்காய்ப் பாலும் உண்டு, அதை இறக்கின பிறகுதான் சேர்க்கணும், கொதித்தால் திரிந்துவிடும்.

கை மணிக்கட்டு பூரா வலி. பிழிந்த சக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எவ்வளவு போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மே 6

பெரியம்மா வந்தார். "ஏத்தா, மதுரையில இருந்துக்கிட்டு எலும்பு ஒட்ட இலை தழையா குடுப்பாக? நெல்பேட்டையில நல்லி எலும்பு வாங்கி ஒரு நாளு வச்சுக் குடு." சண்டை போடவில்லை. எலும்புச் சாறில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின், அதில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலமே கிடையாது, வயிற்றுக்குள் போனால் மற்ற புரதத்தைப் போல அதுவும் உடைந்துதான் போகும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

மே 8

மீனாட்சி திருக்கல்யாணம். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். அழகர் ஆற்றில் இறங்குகிற வரைக்கும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, அதனால் எலும்புப் பேச்சும் இல்லை. பாப்பா இரண்டு டம்ளர் குடித்தாள்.

மே 9

எடை நின்றிருக்கிறது. இறங்கவில்லை!

மே 10

காளானைக் கீறி மொட்டை மாடியில் காயப்போட்டேன். வெயில் பட்டால் காளானில் வைட்டமின் டி கூடும், காய்ந்தால் ருசியும் ஏறும். 1908-ல் ஜப்பானில் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாறிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். நாக்கு இறைச்சிச் சாறில் தேடுகிற ருசி அது. தக்காளியிலும் அது உண்டு, காளானிலும் உண்டு. இன்றைக்குச் சாறு கொடுத்ததும் பாப்பா நோட்டில் "அக்கா இதே மாதிரி" என்று எழுதினாள். அந்தத் தாளைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். செல்லூர் பூரா ராத்திரி தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை. பந்தலில் இருந்து பானகம் வாங்கி வந்து இரண்டு தடவை வடிகட்டிக் கொடுத்தேன். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். பானகத்தில் அவளுக்கு ஆகாதது எதுவும் இல்லை. கண் சிரித்தது.

மே 14

பெரியம்மா தூக்குவாளியோடு வந்துவிட்டார். வாசனையே சொல்லிவிட்டது. அதைக்கூட நான் சமாளித்திருப்பேன். அம்மா அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஒரு கரண்டி கலந்தா அவளுக்குத் தெரியவா போகுது? எம்பிள்ளை எலும்பா கெடக்காடி" என்று அழுதார்.

நான் கறி தின்கிறவள். பால் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. அவள் ஏன் விட்டாள் என்று இத்தனை வருடத்தில் நான் முழுசாகக் கேட்டதுகூட இல்லை. ஆனால் வாயைத் திறந்து "வேணாம்" என்று சொல்ல முடியாதவளுக்கு, பிடிக்காதது நாக்கில் பட்டால் துப்பக்கூட முடியாதவளுக்கு, என் கையால் குழாயை வைத்து அதை எப்படி அழுத்துவேன்? எதை விடுகிறேன் என்று கேட்காமலே கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் கன்னத்தைக் காட்டுகிறாள். அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன், குரல் உயர்ந்துவிட்டது. பெரியம்மா வாளியை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார். போகட்டும். அவருக்கும் அவள் பிள்ளைதான், நாளைக்கு நானே போய்ப் பார்க்கிறேன்.

சாயங்காலம் அம்மா தானாக வந்து மல்லுத்துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தார். இரண்டு பேர் பிழிந்தால் சக்கை நன்றாகக் காய்கிறது, ஒரு டம்ளர் கூடவே வந்தது.

மே 15

வைட்டமின் பி12 எந்தக் கீரையிலும் பருப்பிலும் இல்லை. மாத்திரையைப் பொடித்துக் கரைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கணும். கம்பி எப்போது எடுப்பார்கள் என்றும் கேட்கணும். கடலை தீர்ந்துவிட்டது, கீழமாசி வீதியில் வாங்கணும்.