நெல்லு வயலும் சிவப்புத் தலைக்காரரும்

ஊர் பேரையே ஒழுங்கா சொல்லத் தெரியாமதான் இங்க வந்து எறங்கினேன். ஆர்கான்சாஸ், ஆர்கான்சாஸ்னு மன்னார்குடி பூரா சொல்லிட்டு வந்திருக்கேன், இங்க வந்தா கடைசி எழுத்தை முழுங்கிட்டு ஆர்க்கன்சான்னு சொல்லணுமாம். 2008 ஆகஸ்ட், கல்யாணம் ஆகி நாலு மாசம். அவருக்கு ஜோன்ஸ்பரோல ஆர்க்கன்சா ஸ்டேட் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி வேலை. எங்க அத்தை "நியூயார்க் பக்கமாடி?"ன்னு கேட்டப்ப ஆமா பக்கந்தான்னு சொல்லி வச்சேன், எனக்கே மேப்புல அது எங்க கெடக்குன்னு தெரியாது.

மெம்ஃபிஸ் ஏர்போர்ட்லேர்ந்து கார்ல வரோம், மிசிசிப்பி ஆத்துப் பாலத்தைத் தாண்டினா ரெண்டு பக்கமும் தட்டையா நெலம், மேடு பள்ளம் எதுவும் இல்ல, ஜெட்லாக்ல அரைத் தூக்கத்துல பாத்துட்டே வரேன், திடீர்னு பாத்தா பழுத்து சாஞ்சு நிக்குது. ஏங்க, நெல்லுங்க! அப்படின்னு நான் கத்தின கத்துல அவரு பிரேக்கை அழுத்திட்டாரு. அமெரிக்காவுல வெளையிற நெல்லுல கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு ஸ்டேட்லதான் வெளையுதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. வரப்பு மட்டும் நம்ம ஊர் மாதிரி நேரா இல்ல, பாம்பு ஊர்ற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், நெலத்து மட்டத்துக்கு ஏத்த மாதிரி போடுவாங்களாம். வயல்ல ஒரு ஆள் கெடையாது. மருந்து அடிக்க சின்ன பிளேன் வரும். நடவுப் பாட்டும் இல்ல நண்டும் இல்ல. இருந்தாலும் அன்னிக்கு எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, அவரு தூசின்னு நெனச்சு ஏசியக் கொறச்சாரு.

அதுக்கப்புறம் ஒரு அஞ்சு மாசம் எதுவும் சொல்ற மாதிரி இல்ல. எனக்கு எச்4 விசா, அதாவது அவரு விசாவ ஒட்டிக் குடுக்கிறது, அப்ப அதுல வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸுன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. சுத்தி நெல்லா வெளையுது, ஆனா இட்லி அரிசி வேணும்னா மெம்ஃபிஸுக்கு 70 மைல் போகணும், இந்த அநியாயத்தை யார்கிட்ட சொல்ல? இங்கத்த நீள அரிசியப் போட்டு அரைச்சா இட்லி கிரிக்கெட் பாலாட்டம் வருது. பேச்சுதான் இன்னும் கஷ்டம். டோஃபல் இங்கிலீஷ் பரீட்சைல நல்ல மார்க்கு எடுத்தவ நான், கடையில பில் போடுற பொண்ணு ஒரு வார்த்தைய இழுத்து இழுத்து மூணு வார்த்தையாக்கி என்னமோ கேக்கும், நான் எதுக்கும் எஸ்னு சொல்லிருவேன். ஒரு தடவ அப்படி எஸ் சொல்லி ஏதோ நன்கொடைக்கு 10 டாலர் போயிருச்சு.

2009 ஜனவரி கடைசில ஐஸ் ஸ்டார்ம் வந்துச்சு. மழைதான் பெய்யுது, ஆனா விழுந்த எடத்துல கண்ணாடியா ஒறையுது. ராத்திரி பூரா மரக்கெளை ஒடையிற சத்தம், தீபாவளிக்கு அணுகுண்டு வைக்கிற மாதிரி டமார் டமார்னு. கரண்ட் போனது போனதுதான், அந்தப் பக்கம் சில கிராமத்துல எல்லாம் வாரக்கணக்குல வரல. எங்க அபார்ட்மெண்ட்ல அடுப்புலேர்ந்து ஹீட்டர் வரைக்கும் எல்லாமே கரண்ட்டு. ரெண்டாம் நாள் காலைல எதுத்த வீட்டுப் பாட்டி வந்து கதவத் தட்டினாங்க. என்ன சொன்னாங்கன்னு முழுசாப் புரியல, ஹனின்னு சொன்னதும் கையப் புடிச்சு இழுத்ததும் புரிஞ்சுது. அவங்க வீட்டுல கேஸ் அடுப்பு. நாலு நாள் அங்கதான் இருந்தோம். அவங்க சோள ரொட்டியும் பீன்ஸும் பண்ணுவாங்க, நான் ரசம் வச்சேன், மூக்க உறிஞ்சிக்கிட்டே ரெண்டு டம்ளர் குடிச்சாங்க.

அந்த நாலு நாள்லதான் எனக்கு சன்னி பர்ஜஸ்ங்கற இந்தப் பக்கத்துப் பாட்டுக்காரரைத் தெரியும்.

பாட்டிக்கு அப்ப எழுபது தாண்டியிருக்கும். ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல வேற என்ன பண்றது, பேசிட்டே இருந்தாங்க. சின்ன வயசுல வீட்டுக்குத் தெரியாம டான்ஸ் ஆடப் போன கதை. அவங்க அப்பா பயங்கர சர்ச் ஆளு, பாட்டுன்னாலே பாவம்பாரு. இவங்க சிநேகிதி வீட்டுல படிக்கப் போறேன்னு சொல்லிட்டு நியூபோர்ட்டுக்கும் ஸ்விஃப்டனுக்கும் போயிருவாங்களாம். ஏன் அவ்வளவு தூரம் போகணும், ஜோன்ஸ்பரோல இல்லையான்னு கேட்டேன். இங்க எங்க ஹனி, இது டிரை கவுண்டி ஆச்சேன்னாங்க. எனக்கு அப்பதான் தெரியும், அமெரிக்காவுலயும் மதுவிலக்கு உண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்னு. ஜோன்ஸ்பரோ இருக்குற கிரெய்க்ஹெட் கவுண்டில கடை வச்சு சாராயம் விக்க முடியாது, பக்கத்து ஜாக்சன் கவுண்டில விக்கலாம். அதனால எல்லைக்கு அந்தப் பக்கம் 67-ம் நம்பர் ஹைவே ஓரமா வரிசையா கிளப்பு. நியூபோர்ட்ல சில்வர் மூன், ஸ்விஃப்டன்ல கிங் ஆஃப் கிளப்ஸ். காரைக்கால்காரங்ககிட்ட சொன்னா ஒரே வரில புரிஞ்சுக்குவாங்க. கிளப்பு இருந்தா ராத்திரிக்கு ராத்திரி ஒரு பேண்டு வேணும்ல, சுத்துப்பட்டுப் பருத்திக்காட்டுப் பசங்களுக்கு வாசிக்க எடம் கெடைச்சதே அப்படித்தான். 1955ல எல்விஸ் பிரெஸ்லியே இந்த ரோட்டுல வந்து பாடிட்டுப் போனாரு, சில்வர் மூன்ல எல்விஸுக்கு முன்னாடி வாசிச்சது நம்ம சன்னியோட குரூப்பு.

பேரு ஆல்பர்ட் ஆஸ்டின் பர்ஜஸ். நியூபோர்ட் பக்கத்துல ஒரு விவசாயக் குடும்பம், 1929ல பொறந்தவரு. பட்டாளத்துல சேந்து ஜெர்மனி போயிட்டு வந்தாரு, வந்து டப்பா செய்யிற ஃபேக்டரில வேலை, ராத்திரி கிட்டாரு. இவங்க பாட்டுக்குப் பேரு ராக்கபில்லி. வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டையும் கருப்பர்களோட ரிதம் அண்ட் ப்ளூஸையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டினது, வயலின் மாதிரி ஆள் ஒசரத்துல நிக்கிற டபுள் பேஸை வாசிக்க மாட்டாங்க, அறைவாங்க. எல்விஸ் போன தடத்துலயே இவரும் மெம்ஃபிஸுக்கு சன் ரெக்கார்ட்ஸ்ங்கற ரெக்கார்டு கம்பெனி வாசல்ல போய் நின்னாரு, மொதலாளி சாம் ஃபிலிப்ஸ் ஆளை இன்னும் சேத்துக்கிட்டு வாங்கன்னாராம், சேத்துக்கிட்டுப் போனாரு. பேண்டுக்கு பேசர்ஸ்னு புதுப்பேரு, அது ஒரு சின்ன பிளேனோட மாடல் பேரு. 1956ல மொத ரெக்கார்டு வந்துச்சு, ஒரு பக்கம் வீ வானா பூகி, இன்னொரு பக்கம் ரெட் ஹெடட் உமன்.

பாட்டி சொன்னதுல எனக்குப் புடிச்சது பாட்டு இல்ல, கூத்து. சன்னி தலைமுடிக்கு செவப்பு சாயம், செவப்பு சட்டை பேண்ட்டு, செவப்பு கிட்டாரு. பாட்டு நடுவுல பேண்டு ஆளுங்க ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி பிரமிடு கட்டுவாங்களாம், வாசிச்சுக்கிட்டே! அப்புறம் பூச்சி டான்ஸுன்னு ஒண்ணு, இல்லாத பூச்சிய ஒருத்தன் மேல ஒருத்தன் தூக்கிப் போடுறது, போட்டவுடனே அவன் சொறிஞ்சுக்கிட்டே குதிக்கிறது. பாட்டி அந்தக் குளிர்ல, நாலு ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு, எழுந்து நின்னு எனக்கு அதை ஆடிக் காட்டினாங்க. இங்க வந்து நான் மொதமொதல்ல வயிறு வலிக்க சிரிச்சது அன்னிக்குதான்.

கரண்ட் வந்தப்புறம் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். சத்தியமா சொல்றேன், மொத தடவ கேட்டப்ப இது என்ன கத்தல்னுதான் தோணுச்சு, தொண்டை கிழியப் பாடுறாரு, டிரம்ஸ்காரன் தலைதெறிக்க ஓடுறான், யாரும் யாருக்காகவும் நிக்கல. ஆனா நடுவுல ஒரு டிரம்பட் வருது பாருங்க. சன்ல வந்த மத்த ராக்கபில்லி பாட்டுல அப்படி டிரம்பட் அபூர்வம், இவங்க குரூப்ல ஜாக் நான்ஸ்னு ஒருத்தர் ஊதுனாரு. எனக்கு அது அப்படியே எங்க ஊர் பேண்டு செட்டு. ராஜகோபாலசாமி கோயில் தெருவுல மாப்பிள்ளை அழைப்பு வர்றப்ப எங்க சித்தப்பா ஊதுற சத்தம்.

சித்தப்பா கதைய சொல்லணும். அவரு பேண்டு செட்டுல ஆரம்பிச்சு மெல்லிசைக் குழுவுக்குப் போனவரு. திருவாரூர், பட்டுக்கோட்டை, வேதாரண்யம்னு எங்க திருவிழான்னாலும் மேடையில இருப்பாரு. கூட வாசிச்ச ரெண்டு பேரு மெட்ராஸ் போயி சினிமா ரெக்கார்டிங்ல சேந்துட்டாங்க, இவரு போகல. அப்புறம் கல்யாணம், ரெண்டு பொண்ணு, எல்ஐசி ஏஜெண்ட். டிரம்பட் பரண் மேல ஏறிடுச்சு, வருஷத்துக்கு ஒரு தடவ ஆயுத பூஜைக்கு மட்டும் எறங்கும்.

சன்னிக்கும் கிட்டத்தட்ட அதே வரலாறுதான். டிரம்பட் ஊதுன ஜாக் நான்ஸ் கான்வே ட்விட்டிங்கற பாடகர்கிட்ட போயிட்டாரு, ரெண்டு பேரும் சேந்து எழுதின பாட்டு 1958ல அமெரிக்காவுலயே நம்பர் ஒண்ணு ஆச்சு. இதே பக்கத்துல டையஸ்ங்கற பருத்திக் கிராமத்துல வளந்த பாடகர் ஜானி கேஷ் ஒலகம் பூரா தெரிஞ்ச ஆளாயிட்டாரு. சன்னிக்கு அந்த மாதிரி பெரிய ஹிட்டு அமையவே இல்ல. சன்ல அப்புறமும் சில ரெக்கார்டு போட்டாரு, பாட்டு நல்லாருக்கு, ஓடல. ஏன் ஓடலன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பாட்டியக் கேட்டா ரெக்கார்டுல பிரமிடு தெரியாதுல்லன்னாங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது. அப்புறம் வருஷக்கணக்கா ஊர் ஊரா கார்ல போயி தையல் சாமான், லேஸ் விக்கிற சேல்ஸ்மேன் வேலை. செவப்புத் தலையோட மேடையில குதிச்ச ஆளு, துணிக்கடை வாசல்ல சாம்பிள் பெட்டியோட நிக்கிறதை என்னால நெனச்சுப் பாக்காம இருக்க முடியல.

ஆனா அதோட முடியல. எண்பதுகள்ல ஐரோப்பாக்காரங்களுக்கு இந்தப் பழைய பாட்டு மேல பைத்தியம் புடிச்சுது, இவரைக் கூப்புட்டாங்க, சன் ரிதம் செக்‌ஷன்னு பழைய ஆளுங்களாச் சேந்து ஒரு குரூப்பு, எல்விஸுக்கு டிரம்ஸ் அடிச்ச டி.ஜே. ஃபொன்டானா எல்லாம் அதுல இருந்தாரு. 1996ல ஒரு ஆல்பம் வந்துச்சு, பெரிய ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பேண்டுல பேஸ் வாசிக்கிற கேரி டேலண்ட் தயாரிச்சது, ஸ்பிரிங்ஸ்டீனே அதுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுத்தாரு. அறுபது தாண்டின ஆளுக்கு! பழைய பேசர்ஸையும் திரும்பச் சேத்தாரு, லெஜண்டரி பேசர்ஸ்னு பேரு போட்டுக்கிட்டு. நான் வந்த அடுத்த வருஷம், 2009ல, அந்த 67-ம் நம்பர் ரோட்டுக்கே ராக் அண்ட் ரோல் ஹைவேன்னு ஸ்டேட் சட்டம் போட்டுப் பேரு வச்சுது.

எனக்கு அவரு பக்கத்து வீட்டு ஆள் மாதிரி ஆனது ரேடியோவுல. யுனிவர்சிட்டியோட ஸ்டேஷன் கேஏஎஸ்யு, 91.9, அதுல ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அவரே உக்காந்து பழைய பாட்டு போடுவாரு. நான் மாவு அரைக்கிற நேரம் அது. அவரு பேசுறது திண்ணையில உக்காந்து வெத்தலை மடிக்கிற மாதிரி, அவசரமே இருக்காது. எனக்கு பாட்டை விட பேச்சுதான் முக்கியம். மொதல்ல பாதி புரியாது, அப்புறம் முக்கால்வாசி, ஒரு நாள் அவரு சொன்ன ஜோக்குக்கு கிரைண்டர் பக்கத்துல நின்னு நான் சிரிச்சுட்டேன், சிரிச்சப்புறம்தான் அட, புரிஞ்சுடுச்சேன்னு ஒறைச்சுது. அடுத்த வாரம் கடையில அந்த பில் போடுற பொண்ணுகிட்ட நன்கொடைக்கு நோன்னு சொன்னேன். அவ்வளவு பெருமையா இருந்துச்சு, பாவந்தான்.

டிரைவிங் கத்துக்கிட்டதும் அந்த ரோட்டுலதான். லைசன்ஸ் வாங்கி நான் தனியா ஓட்டின மொத நீளப் பயணம் நியூபோர்ட்டுக்கு, டிப்போ டேஸ் திருவிழாவுக்கு, பாட்டி பக்கத்து சீட்ல. பழைய ரயிலடி பக்கம் தெருவுல மேடை போட்டிருந்தாங்க, டிக்கெட் கெடையாது, ஆளாளுக்கு மடக்கு நாற்காலி தூக்கிட்டு வந்து எடம் புடிக்கிறாங்க, அப்பளம் மாதிரி என்னமோ பொரிச்சு சக்கரை தூவி விக்கிறாங்க. வாங்கித் தின்னுட்டே உக்காந்திருந்தேன். கூட்டத்துல பொடவை கட்டினது நான் ஒருத்திதான். சன்னி மேடைக்கு வந்தாரு, எண்பது வயசு, முடி வெள்ளை. பிரமிடு எல்லாம் கெடையாது. ஆனா குரலு! அந்த ரெக்கார்டுல கேட்ட அதே கத்தல். முன் வரிசையில கெழவன் கெழவியெல்லாம் எழுந்து ஆடுறாங்க, பாட்டி என்னை இழுத்தாங்க, நான் ஆடலன்னு சொன்னா பொய்.

கச்சேரி முடிஞ்சப்புறம் அவரு கீழ எறங்கி நின்னு எல்லார்கிட்டயும் பேசிட்டு இருந்தாரு. நானும் போய் நின்னேன், எனக்கு முன்னாடி அஞ்சாறு பேரு. எல்லாருக்கும் அவரைத் தெரியுது, அவருக்கும் எல்லாரையும் தெரியுது, இவன் அப்பா எப்படி இருக்காரு, அவன் டிராக்டர் என்ன ஆச்சு, அந்த மாதிரி. என் முறை வந்தப்ப தேங்க்யூன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். உங்க ரேடியோவுலதான் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன்னு சொல்லணும்னு வழி பூரா மனப்பாடம் பண்ணிட்டு வந்தது, தொண்டையிலயே நின்னுடுச்சு.

2017 ஆகஸ்ட்ல அவரு போயிட்டாரு, 88 வயசு. பாட்டி அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. சன்னி போன சேதி வந்த அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அங்க விடிஞ்சிருக்கும்னு சித்தப்பாவுக்கு அந்த 1956 பாட்டை வாட்ஸப்ல அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல கூப்புட்டாரு. டிரம்பட் கொஞ்சம் சுருதி மேல நிக்குதுடி, ஆனா பய நல்லா மூச்சு புடிக்கிறான், யாரு இவங்கன்னாரு. சொன்னேன். செவப்பு முடி, பிரமிடு, கூட இருந்தவங்க பெரிய ஆளானது, எல்லாம்.

"அப்புறம் இவரு என்ன பண்ணாரு?"

"ஊர் ஊராப் போயி லேஸ் வித்தாரு சித்தப்பா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்.

"சம்பளமா, கமிஷனா?"ன்னு கேட்டாரு.