டோக்கியோவில் ஒரு சில்லறைக் கணக்கு

டோக்கியோவில் தங்கியிருந்த ஒன்பது நாட்களிலும் என் கவனத்தை மிகுதியாகக் கோரியது சில்லறைதான். ஜப்பானில் 1,000 யென்னுக்குக் கீழே நோட்டு கிடையாது என்பதால், ஒரு தேநீரும் இரண்டு சோற்று உருண்டைகளும் வாங்கினாலே பணப்பை நாணயங்களால் கனத்துவிடும். அவற்றுள் 5 யென் நாணயத்தில் நாம் படிக்கக்கூடிய எண் எதுவும் இராது. நடுவில் ஓட்டையும் அதையொட்டி வளைந்த நெற்கதிருமாக இருக்கும் அந்த மஞ்சள் நாணயத்தை உருவத்தை வைத்தே அடையாளம் காண வேண்டும். கடைகளில் பணத்தைக் கையில் கொடுக்காமல் சிறு தட்டில் வைப்பதே வழக்கம். டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நுகர்வு வரி 2019 அக்டோபர் முதல் 10 விழுக்காடு. உணவைக் கட்டி வாங்கிச் சென்றால் 8 விழுக்காடுதான்.

முதல் நாள், ஏடிஎம் திரை ரூபாயில் கணக்கிடட்டுமா என்று கேட்டபோது, தெளிவாக இருக்குமே என்று நம்பி ஒப்புக்கொண்டேன். அந்த மாற்று விகிதத்தை முடிவு செய்வது நம் வங்கியன்று, இயந்திரத்தை நடத்துபவர்கள் என்பது பற்றுவிவரம் வந்த பிறகே விளங்கியது. அதனால் கூடுதலாகப் போனது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் என்பதால் மனம் வலித்தது. அதன்பின் எப்போதும் யென்னையே தேர்ந்தெடுத்தேன்.

நம் ஊர்ப் பணமாற்றுக் கடைகள் பெரும்பாலும் நாணயங்களை வாங்குவதில்லை என்பதால், எஞ்சியவற்றை விமான நிலையக் கடையிலேயே எண்ணிக் கொடுத்துத் தீர்த்தேன்.