வார்டில் கேட்கும் ஆங்கிலம்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

நாகர்கோவிலில் இருந்து இங்கிலாந்துக்கு, எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் இன்று என்னோடு டியூட்டி. மருத்துவப் பணியாளர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண், இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. காலை ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் ஆறாம் நம்பர் பெட்டைப் பற்றி 'வெரி புவர்லி' என்றார் இரவு நர்ஸ். "லேசா சொகமில்லன்னு அர்த்தமாக்கா?" என்று காதோரம் கேட்டாள்.

கேள்வி நியாயமானது. இந்த டார்பிஷயரில் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் புவர்லிதான். மருத்துவமனைக்குள் ஒருவர் 'வெரி புவர்லி' என்றால் நிலைமை கவலைக்கிடம், பிழைப்பதே சந்தேகமாக இருக்கலாம். பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் குழூஉக்குறிக்கு உதாரணம் படித்தோமே, அந்த வகை. சிக்கல் என்னவென்றால், இதே சொல்லை ஃபோனில் குடும்பத்தாரிடமும் சொல்கிறார்கள். அவர்கள் சளி என்று எடுத்துக்கொண்டால் நாளைக்கு வரலாம் என்று இருந்துவிடுவார்கள். இப்போதே கிளம்பி வாருங்கள் என்று நேராகச் சொல்லவேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

ஒரு பாட்டி 'ஸ்பெண்ட் எ பென்னி' (ஒரு காசு செலவழிக்க) போகணும் என்றார். கடைக்குப் போக ஆசைப்படுகிறாரோ என்று இவளுக்குக் குழப்பம். நல்ல வேளை, உடனே என்னிடம் கேட்டாள். சிறுநீர் கழிக்கத்தான். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி நடந்தபோது ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. பிறகு பல ஊர்களிலும் பென்னி போட்டால் திறக்கும் கதவுகள் வந்தன. கதவும் காசும் போய்விட்டன, சொல் மட்டும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது.

'கால் கழுவி வந்தேன்' என்று சொல்லும் நமக்கு இடக்கரடக்கல் புதிதா என்ன? 'வாட்டர்வொர்க்ஸ்' எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் சிறுநீர் சிரமமின்றிப் போகிறதா என்று பொருள். 'பேக் பாஸேஜ்' ஆசனவாய். இவற்றை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் நின்றால் பாட்டி தானே எழுந்து போகப் பார்ப்பார். விழுந்தால் இடுப்பு எலும்பு.

நவம்பர் 9, ஞாயிறு

எனக்கு நிஜமாகவே பயம் தருவது மரபுத்தொடர்கள் அல்ல. 'எ பிட்' (கொஞ்சம்) என்ற இந்தக் குட்டிச் சொல்தான்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், ஒரு முதிய விவசாயி. வலி எப்படி என்றால் 'எ பிட் சோர், மை டக்' என்கிறார், கொஞ்சம் வலிக்கிறதாம்; 'மை டக்' இந்த ஊரில் அன்பாக அழைப்பது. கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன, தேநீரைத் தொடவே இல்லை. "படுத்திருக்கும்போது சரி, காலை நகர்த்தினால்? இருமினால்?" என்று கேட்டேன். யோசித்து, பத்துக்கு எட்டு என்றார். டாக்டர் எழுதியிருந்த மார்ஃபினைக் கொடுத்தோம். பிறகுதான் பிசியோ அவரை நாற்காலியில் உட்கார வைக்க முடிந்தது. வலியோடு அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும்.

நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நியூஸ்2 சார்ட்டில் மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாம் உண்டு. வலிக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அதை அவர்கள் வாயிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்த வாயோ குறைத்தே சொல்லிப் பழகியது.

1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமையைக் கேட்ட அமெரிக்கத் தளபதியிடம் பிரிட்டிஷ் பிரிகேடியர் ப்ரோடி 'எ பிட் ஸ்டிக்கி' என்றாராம். கொஞ்சம் சிரமம், சமாளிக்கிறார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டார். அந்தப் படைப்பிரிவில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ஒரே மொழி பேசும் இருவருக்கே இந்தக் கதி என்றால், நாம் இரண்டாம் முறை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நவம்பர் 10, திங்கள்

'ஃபன்னி டர்ன்' வந்தது என்பார்கள் நோயாளிகள். வேடிக்கை எதுவுமில்லை: தலைசுற்றல், மயக்கம், சில நேரம் பக்கவாதத்தின் முன்னறிகுறி. முகம், கை, பேச்சு மூன்றையும் உடனே பார்க்கவேண்டும். கேஸ் நோட்டில் நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதச் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

தொண்ணூறு தாண்டிய ஒருவர் விடியற்காலை இறந்துபோனார். 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்றாள் மகள். அப்பா செத்துக் கிடக்கையில் கிரிக்கெட்டா என்று இவளுக்கு மனசு கேட்கவில்லை. நம் ஊரில் கல்யாணச் சாவு என்பதில்லையா, அதே நிறைவுதான் என்றேன். ஆனால் அது குடும்பத்தார் சொல்ல வேண்டியது; நர்ஸ் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

மங்கல வழக்கு நமக்கு இயல்பாக வரும், அதனால்தான் இன்னொன்றையும் சொன்னேன். ஃபோனில் மரணச் செய்தி சொல்லும்போது 'கான்' (போய்விட்டார்), 'லாஸ்ட்' (இழந்துவிட்டோம்) எல்லாம் வேண்டாம். எங்கே போனார் என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. மெதுவாக, 'டைட்' (இறந்துவிட்டார்) என்றே சொல்லவேண்டும். நாளை முதல் அவளுக்கு நைட் டியூட்டி. அந்த ஃபோன்கள் இனி அவள் கையில்.