டொத்தோரேயின் தேமாவை விற்ற கதை

"எண்ணூறு யூரோ தருகிறேன். இழுத்துக்கொண்டு போகிற செலவும் என்னுடையதுதான்."

கராஜ் வாசலில் நின்றபடி, உள்ளே கால் வைக்காமலே அந்த ஆள் சொன்ன விலை இது. பழைய வாகனம் வாங்குகிறவர். தூசிக்குள் நின்ற காரின் மூஞ்சியைப் பார்த்தார், "தேமா" என்றார், விலையைச் சொன்னார். எனக்கும் அப்போது காரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பதினொரு வருடம் அதைக் கழுவியவன் நான். பக்கவாட்டில் ஓடுகிற மெல்லிய கோட்டில் முரட்டுத் துணி படக்கூடாது, அது கையால் வரைந்தது என்று டொத்தோரே, அதாவது நான் வேலை செய்கிற வீட்டு டாக்டர், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று சொல்வார். எண்ணூறு யூரோ காருக்கு ஒரு மனிதர் அப்படிப் பதற மாட்டார்.

நான் பலெர்மோவில் ஒரு மருத்துவர் வீட்டில் வேலை செய்கிறேன். சந்தைக்குப் போவது, சமையலில் ஒரு கை, அவர் மனைவி சிஞ்ஞோராவை வெளியே கூட்டிக்கொண்டு போவது, எல்லாம்தான். டொத்தோரே போன வருடம் தவறிவிட்டார். மகள் மிலானில். சிஞ்ஞோராவுக்கு 84 வயது, கார் ஓட்டவே தெரியாது. ஒரு நாள் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நீயே விற்றுத் தா, எனக்கு இந்த ஆட்களோடு கதைக்க முடியாது" என்றார். சரி, ஒரு மாத வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

முதலில் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். இங்கே பழைய ஆட்கள் கைவேலைக்காரரை "மாஸ்த்ரு" என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் 2011 இல் மூடப்பட்ட தேர்மினி இமெரேசே ஃபியட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து தார்கா ஃப்ளோரியோ கார்ப் பந்தயம் பார்த்த கதையைத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். எஞ்சின் மூடியைத் திறந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு கைவிரலால் தூசியைத் துடைத்துக் காட்டினார். உலோகத்தின் மேல் எழுத்து: லான்சியா பை ஃபெராரி. லான்சியா கம்பெனிக் கார், எஞ்சின் ஃபெராரியுடையது.

தேமா என்றால் இத்தாலியில் எண்பதுகளில் அரசியல்வாதிகளும் கம்பெனி முதலாளிகளும் போன கார். ஆயிரக்கணக்கில் ஓடியது. இது அதே உடம்பில் வேறு ஆள்: தேமா 8.32. எட்டு சிலிண்டர், 32 வால்வு, அதுதான் பெயர். 1986 இல் தூரின் நகரக் கார்க் கண்காட்சியில் வந்தது. எஞ்சின் 2,927 சிசி, ஃபெராரி 308 குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த எஞ்சினின் பாகங்களைப் பூட்டிக் கொடுத்தது மோட்டார் சைக்கிள் செய்கிற டுகாட்டி. 215 குதிரைசக்தி, மணிக்கு 240 கிலோமீற்றர், எல்லாம் முன் சக்கரத்தில். மொத்தம் ஏறத்தாழ நாலாயிரம்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் இத்தாலியில் 2,000 சிசிக்கு மேற்பட்ட பெற்றோல் கார் வாங்கினால் 38 வீதம் வாட் வரி. அதைக் கட்டி 1988 இல் இதை வாங்கிய டொத்தோரே, பத்து வருடம் ஒரே மேல்கோட்டைப் போட்ட மனிதர். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உள்ளே இருக்கைகள் பொல்த்ரோனா ஃப்ரௌ, சோபா செய்கிற கம்பெனி. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்தத் தோல், வெயிலில் கிடந்த பக்கம் மட்டும் லேசாக வெளிறியிருந்தது. மாஸ்த்ரு பற்றரியைப் போட்டுவிட்டு வைப்பர் கம்பி நுனியில் இருந்த வளையத்தைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை. பின்னால் 'ங்ங்' என்று ஒரு முனகல், டிக்கி மூடிக்குள் இருந்து ஒரு சிறகு மெல்ல எழும்பியது. பதினொரு வருடம் கழுவினேன், அந்த இடுக்கில் சேர்ந்த ஊசியிலைகளைப் பல் குத்தும் குச்சியால் எடுத்திருக்கிறேன். அது எழும்பும் என்று எனக்குத் தெரியாது.

"எண்ணூறா சொன்னான்?" என்று கேட்டுவிட்டு மாஸ்த்ரு சிசிலிய மொழியில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இனி எழுத்து வேலை. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வாரிசுக் கார் விற்கிற யாருக்காவது உதவும். இறந்தவர் பெயரில் இருக்கிற காரை அப்படியே விற்க முடியாது. முதலில் வாரிசுகள் பெயருக்கு ஏற வேண்டும், எத்தனை வாரிசோ அத்தனை கையெழுத்து. மிலான் மகள் நோட்டரியிடம் எழுதி அனுப்பிய அதிகாரப் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழை, அதனால் மூன்று கிழமை போனது. நல்ல செய்தி என்னவென்றால், முப்பது வருடம் தாண்டிய காருக்குப் பெயர் மாற்று வரி நிலையான தொகை, 51.65 யூரோ. எஞ்சின் எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்பதில்லை. வருடாந்தர பொல்லோ வரியும் இல்லை, றோட்டில் ஓட்டினால் மட்டும் ஒரு சின்னத் தொகை. இதெல்லாம் கார் வயசான பிறகு கிடைக்கிற மரியாதை.

உண்மையான தலையிடி பெல்ற். இந்த எஞ்சினில் வால்வுகளை நேரம் பிசகாமல் திறந்து மூடவைக்கிற டைமிங் பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சின் போய்விடும். மாற்றுவதென்றால் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவு நெருக்கமாக உள்ளே அடைத்திருக்கிறார்கள். டொத்தோரேயின் சேர்விஸ் புத்தகத்தில் 2015 இல் மாற்றியதாக ஒரு முத்திரை இருந்தது. பற்றுச்சீட்டு இல்லை. முத்திரை குத்திய கராஜுக்குப் போன் எடுத்தேன். "அவ்வளவு பழைய கணக்கை யார் வைத்திருப்பார்கள்" என்று வைத்துவிட்டார்கள். வீடு முழுக்கத் தேடினேன். டொத்தோரே எதையும் எறியாதவர். 1991 ஆம் ஆண்டு பெற்றோல் சீட்டுக்கூட பிஸ்கட் டின்னில் இருந்தது. பெல்ற் சீட்டு மட்டும் 2007 க்குப் பிறகு இல்லை.

மாஸ்த்ரு தெளிவாகச் சொன்னார்: "மாற்றவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்." இரண்டு வழி. உள்ளபடி சொல்லிப் பன்னிரண்டாயிரத்துக்குத் தள்ளிவிடலாம். அல்லது செய்துவிட்டு விற்கலாம். சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவர் இருந்தால் என்ன செய்திருப்பார்?" செய்தோம். மூன்று கிழமை என்றது, சாமான் வர இரண்டரை மாதம். ஒரு பின்னேரம் போனபோது எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது, காரின் முன்பக்கம் பல் பிடுங்கிய வாய்போல. மாஸ்த்ரு பழைய பெல்ற்றை வளைத்துக் காட்டினார், பற்களின் அடியில் மயிரிழை வெடிப்பு. அதை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தேன். செலவு 3,400 யூரோ. ரயர்களும் மாற்றினோம், பார்க்கப் புதிசுபோல் இருந்தாலும் பக்கத்தில் இருந்த நாலு இலக்கம் 2009 என்று சொன்னது.

பிறகு விளம்பரம். 23,000 யூரோ போட்டேன். முதல் கிழமையில் நாற்பது பேர் கதைத்திருப்பார்கள், அதில் முப்பது பேருக்கு ஃபெராரி என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. போனைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை முறுக்கிக் காட்டு என்பார்கள். காட்டினால் ஏமாற்றம். ஃபெராரிபோல் கீச்சிடாது இது. லான்சியாக்காரர் உள்ளே பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டையே வேறு மாதிரி வைத்துவிட்டார்கள், சொகுசுக் காரில் அதிர்வு தெரியக் கூடாதென்று. அதனால் தொண்டைக்குள் உறுமுகிற சத்தம்தான் வரும். ஒருவர் "என்னை ஏமாற்றப் பார்க்கிறாய்" என்றே சொன்னார். இன்னொருவர் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "முதலாளியைக் கூப்பிடு" என்றார். சிஞ்ஞோரா போனை வாங்கி, "கார் விஷயம் அவரிடம்தான்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். என்னை 'அவர்' என்று அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

கவனமாக இருக்க வேண்டியது வங்கி வரைவோலைக்காரர்களிடம். வெள்ளிக்கிழமை பின்னேரம், வங்கி மூடுகிற நேரம் பார்த்து, விலையே பேசாமல் முழுக் காசுக்கும் ஓலையோடு வருகிறேன் என்றார் ஒருவர். திங்கட்கிழமை வங்கி திறந்த பிறகு வாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

கடைசியில் வாங்கியவர் தூரின் பக்கத்து மனிதர், ஓய்வு பெற்றவர். அவர் போனில் கேட்ட முதல் கேள்வி: "பெல்ற் எப்போது மாற்றியது, சீட்டு இருக்கிறதா?" அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விமானத்தில் வந்தார். கார் முழுக்கப் படுத்தெழும்பிப் பார்த்தார். பையில் இருந்த பழைய பெல்ற்றைக் கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் வளைத்து வளைத்துப் பார்த்தார். முன்னால் இருந்த 'பிஏ' என்று பலெர்மோ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகட்டைத் தடவினார். 1994 க்குப் பிறகு வந்த தகடுகளில் ஊர் எழுத்து கட்டாயமில்லை, அதனால் இப்படி முதல் தகடோடு இருக்கிற காருக்கு மதிப்பு.

ஓட்டிப் பார்க்க மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப் போனேன். மேலே பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசலியாவின் குகைக் கோவில். நம்முடைய சனம், சைவக்காரர்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புனிதையிடம் போவோம்; நான் கால்நடையாக எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன். அந்த வளைவுகளில் அந்தக் கார் ஏறியபோது இருக்கையில் முதுகு அழுந்தியது. மனிதர் ஒரு சொல்லும் பேசவில்லை. மேலே நிறுத்தி, எஞ்சின் ஆறட்டும் என்று நின்றோம். நான் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். வரும்போது அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிச் சிறகை எழுப்பிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைபோல்.

19,500 க்கு முடிந்தது. அவர் பதினெட்டில் நின்றார், நான் பெல்ற் சீட்டை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

காசு சிஞ்ஞோராவின் கணக்குக்கு வந்ததை வங்கியிலேயே பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் பெயர் மாற்றுகிற ஆஜென்சியாவுக்குப் போனோம். சிஞ்ஞோரா நல்ல உடுப்புப் போட்டு, முத்துமாலையோடு வந்தார். இப்போது எல்லாம் ஒரே பத்திரம் என்பதால் பழைய பதிவுப் பத்திரம் செல்லாது. அதன் மூலையை வெட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்கள், வாங்கியவர் அதை நெஞ்சுப் பைக்குள் வைத்தார். கட்டணத்தை அவர்தான் கட்ட வேண்டும், ஆனால் சில்லறை இல்லை. சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்து 65 சதத்தை எண்ணி வைத்தார்.

அன்றிரவே ஜெனோவா கப்பல். துறைமுகத்தில் கார் ஏறும்வரை நின்றுவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன், மாறியிருந்தது. இதை மறந்துவிட்டால் அவர் செய்கிற குற்றத்துக்கு உங்கள் வீட்டுக்குக் கடிதம் வரும்.

கராஜை இப்போது சிஞ்ஞோரா எனக்குத் தந்திருக்கிறார். தேமாவை உள்ளே விடும்போது இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட வேண்டும். என் சின்ன ஃபியட் பாண்டா மடக்காமலே போகிறது.