ஓடந்துறை: நூறு கிலோமீட்டர் தள்ளி காத்தாடி வச்சிருக்கிற ஊரு

மேட்டுப்பாளையத்துல இறங்குறவங்கள்ல பாதிப்பேரு நேரா ஊட்டி பஸ்ஸுக்குத்தான் ஓடுவாங்க, நான் இந்தத் தடவை ஊட்டிக்குப் போகல, அந்த ரோட்டுலயே மலை ஏறுறதுக்கு முன்னாடி இருக்கிற ஓடந்துறைக்குத்தான் போனேன். ஒரு பக்கம் பாக்குத் தோப்பு, வாழை, எதிர்ல நீலகிரி மலை. பேரு தெரியாதவங்க பார்த்தா மத்த ஊரு மாதிரிதான் இருக்கும். ஆனா கரண்டு எடுக்க சொந்தமா காத்தாடி, அதாவது காற்றாலை, வாங்கின ஊராட்சி இது, வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க.

டீக்கடைல உக்காந்ததும் அக்கா "எங்கிருந்துங்க தம்பி வர்றீங்க, காத்தாடி கதை கேக்கவா"ன்னாங்க. ஆமாங்கன்னேன். "அது இங்க இல்லீங்க, உடுமலைப் பக்கமுங்க"ன்னு சொல்லிட்டு டீ ஆத்தப் போயிட்டாங்க. எனக்கு இந்த ஊருல ரொம்பப் பிடிச்சதே இதுதான். இங்க காத்து பத்தாது, அதனால காத்து எங்க அடிக்குதோ அங்க, மடத்துக்குளம் பக்கத்துல மைவாடியில காத்தாடி போட்டாங்க. அங்க கிடைக்கிற கரண்டு ஈபி கிரிட்டுக்கு, அதாவது எல்லா ஊருக்கும் பொதுவான மின்கம்பி வலைக்குப் போயிடும், கணக்கு மட்டும் ஓடந்துறைக்கு வரும்.

கதை ஆரம்பிச்சது ஈபி பில்லுல. 1996ல சண்முகம்னு ஒருத்தர் ஊராட்சித் தலைவர் ஆனாரு. குக்கிராமத்துக்கெல்லாம் தண்ணிக் குழாய் போட்டாங்க, தெருவிளக்கு போட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா மாசம் 2,000 ரூபா மாதிரி வந்துட்டிருந்த பில்லு சில வருஷத்துலயே 50,000 வரைக்கும் ஏறிப்போச்சு. அப்ப அவரு ஊர் ஆளுங்களையே குழுவாப் போட்டு எங்க போகுது இவ்வளவு கரண்டுன்னு பார்க்கச் சொல்லியிருக்காரு, பார்த்தா தண்ணி இறைக்கிற மோட்டாரும் தெருவிளக்கும்தான் மொத்தமா சாப்பிடுது. பில்லு வந்தா கட்டிட்டு நிதி பத்தலன்னு மேல எழுதிப்போடுறதுதான் வழக்கம், உக்காந்து பிரிச்சுப் பார்த்த ஊராட்சி எத்தனை இருக்கும்னு தெரியல.

அப்புறம் சின்னச் சின்னதா செஞ்சிருக்காங்க. பரோடா போய் ட்ரெயினிங் எடுத்துட்டு வந்து 2003ல 9 கிலோவாட் பயோமாஸ் கேசிஃபையர் போட்டாங்க, அதாவது மரக்கழிவை அரைகுறையா எரிய விட்டு வர்ற கேஸுல இஞ்சின் ஓட்டி தண்ணி இறைக்கிறது. ரெண்டு குக்கிராமத்துல சோலார் தெருவிளக்கு. பில்லு குறைஞ்சது. ஆனா ஊரோட மொத்த தேவைக்கு இது பத்தாதுன்னுதான் காத்தாடி யோசனைக்கு வந்தாங்க.

2006ல வாங்கினாங்க, 350 கிலோவாட், விலை 1.55 கோடி. இதுல 1.15 கோடி பேங்க் லோன், மிச்சம் 40 லட்சம் ஊராட்சியோட சொந்த சேமிப்பு. எல்லாரும் காத்தாடியப் பத்தித்தான் எழுதுறாங்க, எனக்கு அந்த 40 லட்சம்தான் பெருசாத் தெரியுது. ஒரு கிராம ஊராட்சி வரி வசூல் பண்ணி, செலவைக் கட்டுப்படுத்தி, அதைச் சேர்த்து வச்சிருந்தாதானே பேங்க்காரங்க நம்பி லோன் குடுப்பாங்க? வருஷத்துக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊருக்குத் தேவை 4.5 லட்சம் யூனிட்டுன்னு கணக்கு சொல்றாங்க, அதாவது ஊரு செலவழிக்கிறதை விட அதிகமாவே அது உண்டாக்குது. சண்முகத்துக்கு அப்புறம் அவரு மனைவி லிங்கம்மாள் தலைவரா இருந்தாங்க, வேலை அறுந்துபோகாம போச்சு.

பசுமை வீடுகளையும் பார்த்தேன், அரசுத் திட்டத்துல கட்டினது, 300 சதுர அடி, சோலார்ல எரியுற அஞ்சு விளக்கு. ஒரு வீட்டுல பாட்டி உள்ள கூப்பிட்டு சுவிட்ச் போட்டே காட்டினாங்க.

அப்புறம் கோவை வந்து உக்கடத்துல பஸ் ஏறி உடுமலை. பொள்ளாச்சி தாண்டினதுமே ஜன்னல்ல காத்து மூஞ்சில அறையும், பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து ஒரே பாய்ச்சலா வர்ற இடம் அது, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் காத்தாடி. மைவாடிப் பக்கம் ஆடு மேய்ச்சுட்டிருந்த அண்ணன்கிட்ட ஓடந்துறை காத்தாடி எதுங்கண்ணான்னு கேட்டேன். "அது யாருக்குத் தெரியுமுங்க, எல்லாம் கம்பெனிக்காரங்களுதுன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்"னாரு. ஒரு ஊராட்சியோடதும் இதுல இருக்குன்னு சொன்னதும் அவரு நிமிந்து அந்தப் பக்கம் பார்த்த பார்வையில அவ்வளவு ஆச்சரியம். இப்ப வர்ற மெஷினெல்லாம் 2 மெகாவாட்டுக்கு மேல, அதுங்க முன்னாடி 350 கிலோவாட்டு சின்னதுதான்.

எல்லா ஊராட்சியும் போய் காத்தாடி வாங்குங்கன்னு நான் சொல்லல. காத்து சீசன்லதான் அடிக்கும், போடுற முதலும் பெருசு, அனுமதி வாங்குறதுக்கே அலையணும். ஆனா பில்லைப் பிரிச்சுப் பார்க்க யாரு அனுமதியும் வேண்டாம். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுது, பகல்ல எந்தத் தெருவிளக்கு அணையாம எரியுதுன்னு பார்க்க காசே ஆகாது.

போறவங்க ஆனி ஆடியில போங்க, காத்தாடியெல்லாம் முழு வேகத்துல சுத்துறத அப்பதான் பார்க்க முடியும். ஓடந்துறை ஊராட்சி ஆபீஸுக்கு வேலை நாள்ல காலையிலயே போயிடுங்க. நான் வர்ற அக்டோபர் 2 கிராமசபையில எங்க ஊராட்சியோட ஒரு வருஷ ஈபி பில்லைக் காட்டச் சொல்லிக் கேக்கப் போறேன், கூட வர்றேன்னு எங்க தெருல ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க.