காலை எட்டு மணிக் கேள்வி

சுவிட்சர்லாந்தில், பிரியென்ஸ் ஏரிக்கரையில் ஒரு சிறிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். முதலில் அறைகளைத் துப்புரவு செய்தேன், பிறகு காலைச் சாப்பாட்டுப் பகுதி, அதற்குப் பிறகுதான் மேசை. இலங்கையிலிருந்து சுவிசுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலருடைய வேலைக் கதை இப்படிப் பின்வாசல் பக்கமாகத்தான் தொடங்கும். கோப்பை கழுவப் போய், சமையல் பழகி, அங்கேயே ஓய்வூதியம் வரை இருந்த அண்ணர்மாரை எனக்குத் தெரியும். எனக்கு ஜெர்மன் ஓரளவு வந்தது. அதைவிட, இந்தியாவிலிருந்து வருகிற குடும்பங்கள் கூடிக்கொண்டே போனதால் தமிழும் கொஞ்சம் ஹிந்தியும் தெரிந்த ஆள் மேசையில் இருந்தால் நல்லது என்று முதலாளியம்மா நினைத்தார். (என் ஹிந்தி முழுக்கப் படம் பார்த்துப் பழகியது. அதை அவரிடம் சொல்லவில்லை.)

எங்கள் பக்கத்து அமைப்பு இதுதான்: இண்டர்லாக்கன் நடுவில், அதற்கு மேற்கே தூன் ஏரி, கிழக்கே பிரியென்ஸ் ஏரி. இரண்டையும் ஆரே ஆறு இணைக்கிறது. எங்கள் ஏரி அதன் நிறத்துக்குப் பேர்போனது. பனிப்பாறைகள் மலையை அரைத்து உண்டாக்கும் கல்மாவை ஆரேயும் லூட்ஷினே ஆறும் கொண்டுவந்து கொட்டுகின்றன. அது அடியில் படியாமல் தண்ணீரில் நிற்பதால்தான் அந்தப் பச்சை கலந்த நீலம். ஆழம் 260 மீட்டர். பனி உருகி வருகிற தண்ணீர் என்பதால் யூலை மாதத்திலும் கால் வைத்தால் சுரீர் என்று ஏறும். அதிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் குதித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

காலை எட்டு மணிக்கு மேசைக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு எங்கே போகலாம்? கேட்கிற விதம்தான் வேறு. இந்தியாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற எங்கள் ஆட்கள், "பார்க்க என்னென்ன இடம் இருக்கு?" என்பார்கள். சூரிச், பாசல் பக்கத்திலிருந்து வரும் குடும்பம், "நாலு வயதுப் பிள்ளை நடக்கக்கூடிய பாதை எது? வழியில் நெருப்பு மூட்ட இடம் இருக்கிறதா?" என்று கேட்கும்.

நெருப்பு மூட்டும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டுக்குள், கரையோரம், மலைப்பாதை ஓரம் என்று பல இடங்களில் கல்லை வட்டமாக அடுக்கி, மேலே இரும்புத் தட்டி வைத்து, சுற்றிவர மர வாங்கு போட்டிருப்பார்கள். சில இடங்களில் பிளந்த விறகும் அடுக்கியிருக்கும். காசும் இல்லை, காவலாளும் இல்லை. எரிக்கலாம், சமைக்கலாம், உங்கள் குப்பையை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ந்த கோடையில் மட்டும் காட்டுக்குள் தீ மூட்டத் தடை வரும். அப்போது அறிவித்தலை அச்சடித்து மேசையில் ஒட்டிவிடுவோம்.

என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரப் பெண் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பிள்ளைகளையும் தன் குடும்பத்தோடு கூட்டிப்போனாள். என்ன பார்க்கப் போகிறோம் என்று கேட்டேன். "மத்தியானச் சாப்பாடு" என்றாள். பெரியவர்களுக்கு அரை மணி நேரம் எடுக்கிற பாதை பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரமானது. ஒரு நத்தையைப் பார்க்கவே பத்து நிமிடம் நின்றார்கள், யாரும் "வா வா" என்று இழுக்கவில்லை. இடத்துக்குப் போனதும் அவளுடைய ஆறு வயது மகன் மடக்குக் கத்தியை எடுத்து ஒரு கம்பைச் சீவத் தொடங்கினான். எனக்கு நெஞ்சு பக்கென்றது. தாய் திரும்பியே பார்க்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், கத்தியின் நுனி கூரில்லாமல் வளைவாக இருந்தது, பிள்ளைகளுக்கென்றே செய்தது. 'உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவு, இருந்துகொண்டு சீவு, எழும்பினால் மடக்கு' என்று மூன்று விதியை அவன் என் மகனுக்குப் படிப்பித்தான்.

செர்வலா என்று ஒரு கட்டைச் சொசேஜ் இருக்கிறது, இந்த நாட்டின் வெளிச்சாப்பாடு அதுதான். இரண்டு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கம்பில் குத்தி நெருப்புக்கு மேலே பிடித்தால் சூட்டில் அந்த முனைகள் நண்டு கால் விரித்த மாதிரி விரியும். அதில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்திருப்பதால் நாங்கள் சாப்பிடவில்லை. நான் ரொட்டி மாவு குழைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர்களும் மாவைக் கம்பில் பாம்பு மாதிரிச் சுற்றிச் சுடுகிறவர்கள்தானாம். "மெல்லிசாகச் சுற்று, மொத்தமாகச் சுற்றினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்" என்று சொல்லித்தந்தாள். அப்படியே நடந்தது, ஆனால் என் மகளுடையது கருகி விழுந்ததும் அவள் இரண்டாவதைச் சுற்றினாள், மூன்றாவது சரியாக வந்தது. சாப்பிட்டு முடிந்த பிறகும் யாரும் எழும்பவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பக்கத்து ஓடையில் கல்லும் சேறும் வைத்து அணை கட்டினார்கள். மாலைவரை அதுதான்.

பிள்ளைக்குக் காட்சி பெரிதில்லை, கைக்கு வேலை வேண்டும். இந்த நாட்டில் வெளியே போவதற்கான ஏற்பாடெல்லாம் இதை ஒட்டியே செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஹாஸ்லிபெர்க்கில் கேபிள் காரில் ஏறி மேகிசால்ப்பிலிருந்து கீழே நடந்து வரும் குள்ளர் பாதை இருக்கிறது. வழியெல்லாம் குகை, பாலம், குள்ளர் வீடு. பிள்ளை அடுத்தது என்ன என்று ஓடுவதால் நடக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. கோடையில் 1914ஆம் ஆண்டு கட்டிய லெட்ச்பெர்க் நீராவிக் கப்பலில் போகிறவர்களுக்கு, மேல்தட்டில் படம் எடுத்து முடிந்ததும் நடுவில் உள்ள திறப்புக்கு வாருங்கள் என்று சொல்வேன். எண்ணெய் மினுங்க இயந்திரத் தண்டு சுழல்வதைப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். மலை பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும், ஒரு பிள்ளையும் திரும்பாது.

மேசையிலிருந்து நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, ரயிலில் போகக்கூடிய யுங்ஃபிராவ்யோக் என்ற பனிமலைக் கணவாயின் நேரலைக் கமரா. இன்னொன்று, கரையில் இருக்கும் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கு. நிமிடத்துக்கு 40 தரம் மின்னினால் பலத்த காற்று வரக்கூடும், கவனம். 90 தரம் மின்னினால் புயல் எச்சரிக்கை, உடனே கரைக்கு வர வேண்டும். மலை இடுக்கு வழியே காற்று இறங்கினால் கண்ணாடி மாதிரிக் கிடந்த ஏரி கொஞ்ச நேரத்தில் வெள்ளை நுரை தள்ளும். காற்றடைத்த பலகையில் நின்று துடுப்புப் போடுவது இப்போது எல்லாருக்கும் பைத்தியம். போகிறவர்களிடம் உயிர்காப்பு அங்கி, விளக்கு இரண்டையும் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். வெயில் எரிக்கிற நேரத்தில் விளக்கு மின்னினால் யாரும் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

கமரா கதை வேறு. யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர் உயரம், 1912இலிருந்து ரயில் போகிறது. தள்ளுபடி இல்லாமல் போனால் டிக்கெட் ஒருவருக்கு 200 பிராங்கைத் தாண்டும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது: தாத்தா, பாட்டி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி. அன்று கமராவில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரையை மகனுக்குத் திருப்பிக் காட்டினேன்.

"போற நேரத்துல கிளியர் ஆயிடாதாங்க?" என்றார்.

"ஆகலாம் அண்ணா. ஆனால் நாளைக்குக் காலையில் வெயில் போட்டிருக்கிறது. இன்றைக்கு ஏரிப் பக்கம் போய்ட்டு நாளைக்குப் போங்கோ."

"நாளைக்கு லூசேர்ன் போறோமே."

பாட்டி நடுவில் வந்தார். "ஏம்மா, அங்க மேல மூச்சு வாங்குமா?"

"உயரம் கூட அம்மா, மெதுவாக நடக்க வேண்டும். இதயத்துக்கு மருந்து எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரைக் கேட்காமல் போகாதேங்கோ."

பாட்டி மகனைப் பார்த்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. மகன் லூசேர்னைத் தள்ளிவைத்தார்.

அன்றைக்கு அவர்களைக் கப்பலில் கீஸ்பாக் அருவிக்கு அனுப்பினேன். 1879இல் போட்ட கேபிள் ரயில் துறையிலிருந்து மேலே ஏற்றிவிடும், அதனால் தாத்தா பாட்டிக்குக் கஷ்டமில்லை. அருவி பதினான்கு படியாக விழுகிறது, ஒரு இடத்தில் அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். அங்குள்ள பழைய பெரிய ஹோட்டலை இடித்துப் புதிதாகக் கட்ட இருந்தபோது, ஃபிரான்ஸ் வெபர் என்ற சூழல் ஆர்வலர் நாட்டு மக்களிடம் பணம் திரட்டி அறக்கட்டளை அமைத்து வாங்கிக் காப்பாற்றினார். அது 1983இல். 1983 என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம், இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த ஆண்டு. அதே ஆண்டு இங்கே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றக் காசு சேர்த்திருக்கிறார்கள் என்று முதல் தரம் வாசித்தபோது பொறாமையா வெறுப்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. விருந்தினர்களுக்கு இதையெல்லாம் சொல்வதில்லை, அருவியை மட்டும் சொல்வேன்.

கீஸ்பாக்கிலிருந்து இசெல்ட்வால்ட்டுக்கு ஏரியை ஒட்டியே ஒரு நடைபாதை. மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடக்கிறவர்களுக்கானது, பிள்ளைகளோடு என்றால் இரண்டால் பெருக்கச் சொல்வேன். மஞ்சள் மட்டும் இருந்தால் சாதாரண நடை, வெள்ளை சிவப்பு வெள்ளை என்று கோடு வந்தால் மலைப்பாதை, நல்ல சப்பாத்து இல்லாமல் காலே வைக்கக் கூடாது. கோயம்புத்தூர்க் குடும்பம் பாதி தூரம்கூடப் போகவில்லை. கரையில் கூழாங்கல் கிடந்த இடத்தில் பேத்தி உட்கார்ந்துவிட்டாளாம். கல்லை எறிந்து எறிந்து ஒரு மணி நேரம். "இதுக்கா தங்கச்சி இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?" என்று மாலையில் மகன் என்னிடம் சிரித்துக்கொண்டு கேட்டார். பாட்டிதான், "நான் செருப்பைக் கழட்டிட்டுத் தண்ணில கால் வெச்சேன், பனிக்கட்டி மாதிரி இருந்துச்சு" என்று இரண்டு தரம் சொன்னார். மறுநாள் யுங்ஃபிராவ்யோக்குக்குப் போனார்கள். நல்ல வெயில். அதுவும் அவர்களுக்குப் பிடித்திருந்தது, பிடிக்காமல் இருக்குமா. மகனும் மருமகளும் மட்டும் மேலே வரை போக, மற்ற மூவரும் கிரிண்டல்வால்ட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேறு சின்னச் சின்ன விஷயங்களும் சொல்ல வேண்டியிருக்கும். புல்லில் உருண்ட பிள்ளையை இரவு குளிக்க வார்க்கும்போது முழங்கால் மடிப்பிலும் தலைமயிருக்குள்ளும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்றோடு நிற்கிற மாட்டின் பக்கம் போகக் கூடாது. ஊரில் மாட்டைத் தடவிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். ஞாயிறில் கடை பூட்டு, பால்மா, பம்பர்ஸ் எல்லாம் சனியே வாங்கிவிடுங்கள். சுவிஸ் டிராவல் பாஸ் எடுக்கிற பெற்றோர் பிள்ளைகளுக்கான குடும்ப அட்டையை மறக்காமல் கேட்க வேண்டும். அது இலவசம், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு டிக்கெட்டே தேவையில்லை.

இசெல்ட்வால்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கொரியத் தொடரில் அந்த ஊர்ப் படகுத்துறை வந்த பிறகு அந்தச் சின்னக் கிராமம் கூட்டத்தில் திணறிப்போனது. 2023இல் துறையில் சுழல் கதவு வைத்து, உள்ளே நின்று படம் எடுக்க ஐந்து பிராங்க் வாங்கத் தொடங்கினார்கள். காசு வாங்குவது சரியா என்று விருந்தினர்கள் கேட்பார்கள். அந்த ஊரில் இருக்கிறவர்களுடைய வாசலில் தினமும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினால் வேறு என்ன செய்வது? ஐந்து பிராங்க் குறைவு என்பதுதான் என் எண்ணம். சில ஆண்டுக்கு முன்பு இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பக்கத்தில் ஞாயிறில் பஸ் பிடிக்க முடியாமல் நின்ற பிறகு வந்த ஞானம்.

இலையுதிர் காலம் தொடங்கி, கப்பல் ஓட்டம் குறைந்த பிறகுதான் எங்களுக்கு லீவு கிடைக்கும். போன தரம் பிள்ளைகளிடம் எங்கே போகலாம் என்று கேட்டேன். ஏரி, காடு, நெருப்பு, கத்தி எல்லாம் வாசலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே குரலில் துபாய் என்றார்கள். அங்கே என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்டேன். ஷாப்பிங் மால், அம்மா.