படுக்கும் உயரமும் ஓடை கடக்கும் நேரமும்: மணாலி – லே நாட்குறிப்பு

ஜூலை 2, மணாலி

காலையிலிருந்து மழை நசநசத்துக்கொண்டே இருக்கிறது. ரயில் பார்சலில் சண்டிகருக்கு அனுப்பி, அங்கிருந்து ஓட்டிவந்த இரண்டு புல்லட்டுகளுக்கும் செயின் இறுக்கி, பிரேக் பார்த்தாயிற்று. ரோதாங் கணவாய்க்கு அடியில் குடைந்த அடல் சுரங்கம் வழியாகப் போனால் லடாக்கின் லே நகரம் இங்கிருந்து 428 கிலோமீட்டர். சமவெளியில் என்றால் ஒரு பகல் பொழுதில் போய்விடலாம். ஆனால் இந்தச் சாலையில் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் உடம்பு ஒத்துழைக்காது. இரவில் எந்த உயரத்தில் படுக்கிறோம், பகலில் எத்தனை மணிக்கு ஓடைகளைக் கடக்கிறோம் என்ற இரண்டையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியிலேயே உயரமான டங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். காற்று மெலிவதால் வரும் உயர நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டரைத் தாண்டிய பின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. அந்த விதிக்கு இந்தச் சாலை இடம் கொடுப்பதில்லை.

ஜூலை 3, ஜிஸ்பா

2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு, லே செல்பவர்களில் பலர் ரோதாங் கணவாயைத் தொடுவதே இல்லை. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 46 கிலோமீட்டர் பயணத்தை மிச்சப்படுத்துகிறது. நாங்கள் அனுமதிச் சீட்டு எடுத்து, பழைய சாலையிலேயே ஏறினோம். ரசனை ஒரு காரணம்தான். 3,978 மீட்டர் வரை ஏறிவிட்டு, அன்றிரவே சுமார் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவுக்கு இறங்கிப் படுப்பது, வரப்போகும் உயரங்களுக்கு உடம்பைப் பழக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். கணவாயின் தெற்கே மூடுபனியும் சேறுமாக இருந்தது. உச்சியைத் தாண்டி இறங்கியதும் மழை நின்று, லாஹௌல் பள்ளத்தாக்கு வறண்டு வெளுத்துக் கிடந்தது. பருவமழை மேகங்கள் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகின்றன.

சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகளும் கூடுகிற தாண்டியில் டாங்க்கை நிரப்பி, ஆளுக்கொரு ஐந்து லிட்டர் கேனிலும் பெட்ரோல் பிடித்துக்கொண்டோம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் இவ்வூர்ப் பலகை, இந்தச் சாலையில் வருபவர்களிடையே பேர்போனது.

ஜூலை 4, ஜிஸ்பா

இன்று வண்டியை எடுக்கவில்லை. பாகா ஆற்றங்கரையில் நடந்தோம், நிறையத் தண்ணீர் குடித்தோம், பகலில் தூங்காமல் பார்த்துக்கொண்டோம்.

ஜூலை 5, சர்ச்சு

விடியுமுன் ஐந்து மணிக்கே கிளம்பியதற்குக் காரணம் ஜிங்ஜிங்பாருக்கு அருகே சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள்தாம். இரவுக் குளிரில் பனி உருகுவது மட்டுப்படுவதால் காலையில் தண்ணீர் கணுக்கால் அளவில் நிற்கும். வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தொட்டு, அடியில் கற்களையும் உருட்டத் தொடங்கிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு முதலில் கரையில் நின்று நீரோட்டத்தைப் பார்த்தோம். சலசலத்து நுரைக்கும் இடத்தில் ஆழம் குறைவு. வழவழவென்று அமைதியாக ஓடும் இடத்தில்தான் பள்ளம் இருக்கும். பிறகு முதல் கியரில், கிளட்ச்சைப் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்து, பார்வையை எதிர்க்கரையில் பதித்து ஓட்டினோம். சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லைக் குனிந்து பார்ப்பவர் அந்தக் கல் மீதே ஏற்றுவார். பூட்ஸுக்குள் புகுந்த நீர் எலும்பு வரை குத்தியது.

சூரஜ் தால் ஏரியின் ஓரங்களில் இன்னும் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. பாகா ஆறு பிறப்பது இந்த ஏரியில்தான். அதற்குச் சற்று மேலே, சுமார் 4,890 மீட்டரில் பாராலாச்சா லா. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும் இந்த உயரத்தில் எஞ்சினுக்கும் மூச்சு முட்டுகிறது. இரண்டாம் கியரில் ஏற வேண்டிய ஏற்றத்துக்கு முதல் கியர் கேட்கிறது.

சர்ச்சு 4,290 மீட்டர். ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து படுக்கிறோம். ஜிஸ்பாவிலிருந்து ஒரே மூச்சில் லே போய்விடுபவர்களும் உண்டு. பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிக் களைத்த உடம்போடு டங்லங் லா ஏறுவதைவிட இது தேவலை என்று தீர்மானித்தோம். ஆனால் சர்ச்சுவின் ஆபத்து அதன் உயரத்தில் மட்டும் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் அதைவிட உயர்ந்த கணவாய்கள் இருப்பதால், இங்கே ஒருவருக்கு உயர நோய் முற்றிப்போனால், கீழே இறக்குவதற்கே முதலில் மேலே ஏற்ற வேண்டும்.

“தலை விண்விண்ணுன்னு தெறிக்குது அத்தான்” என்றான் மைத்துனன். நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், தள்ளாட்டம் இல்லை. இருமல் இல்லை, உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை, ராஜ்மாவும் சோறும் இறங்கின. இவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும் இரவோடு இரவாக ஜீப் பிடித்திருப்பேன். தாபாக் கூடாரத்தில் குக்கர் விசில் ஓயவில்லை. நீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது.

ஜூலை 6, லே

இருவருக்கும் தூக்கம் அரைகுறைதான். காலையில் தலைவலி மட்டும் குறைந்திருந்தது. கட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். லாரி பழுதாகி நின்றபோது தாகத்தில் இறந்துபோனதாகச் சொல்லப்படும் கிளீனர் ஒருவருக்கு வழியில் ஒரு சிறு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். கடந்து செல்பவர்கள் தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்தி புரிகிறது, மலை மலையாகக் குவிந்த பிளாஸ்டிக்கை யார் அள்ளுவது என்பதுதான் புரியவில்லை.

நாக்கி லா, லாச்சுலுங் லா தாண்டி பாங். அதன்பின் மோரே சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு வளைவே இல்லாத சாலை. வேகம் தானாகக் கூடும், கண்ணும் சொருகும். மைத்துனனை முன்னே விட்டு, அவன் வண்டி கோட்டை விட்டு விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். டங்லங் லாவில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. உச்சியில் படமெடுப்பதற்காக அரை மணி நேரம் குதித்து விளையாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ரும்ட்சே வழியாகச் செம்பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கி, உப்ஷியில் சிந்து நதியைத் தொட்டபோது மூச்சு சீராகிவிட்டிருந்தது.

ஜூலை 7, லே

ஓய்வு. லே 3,500 மீட்டர். அடுத்தது கர்துங் லா. பல ஆண்டுகளாக அங்குள்ள பலகை 18,380 அடி என்று பெருமை பேசியது. உண்மையான உயரம் 17,582 அடி. ஆனாலும் எனக்கு அந்தக் கணவாயைப் பற்றிக் கவலையில்லை. ஏறி இறங்கினால் நூப்ரா பள்ளத்தாக்கில் லேவைவிடத் தாழ்வான இடத்திலேயே படுக்கை கிடைத்துவிடும். பாங்காங் ஏரிக்கரையில் தங்கினால் 4,200 மீட்டருக்கு மேல் உறங்க வேண்டும் என்பதால், மைத்துனன் எவ்வளவு கேட்டும் அதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.